உஷாங்கிக்கு ஒரு சொட்டு

லமாரா ரொட்டி சுடுகிறவள். அலஸானி ஆற்றுப் பக்கம் இருக்கும் எங்கள் சிற்றூரில், கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற மண் அடுப்பு அவளுடையது. அடுப்பு என்றால் வட்டக் கிணறு மாதிரி. மாவை நீளமாக இழுத்து, இடுப்புவரை உள்ளே குனிந்து, கொதிக்கிற சுவரில் அப்ப வேண்டும். அப்பி அப்பி அவள் முன்கைகளில் ஒரு முடி கிடையாது. புதிதாக வருகிறவர்கள், இரண்டு கால்களும் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்து, பொம்பளை உள்ளே விழுந்துவிட்டாள் என்று அலறுவார்கள். "அலறாதே, இன்னும் வேகல" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அவள் வாய் அப்படி. கடன் சொன்னால் திட்டுவாள், காலையில் ரொட்டி வாங்க வரும்போது தலை வாராமல் வந்தால் திட்டுவாள். திட்டிக்கொண்டே எடை பார்க்காமல் ஒன்று கூடப் போடுவாள். கல்யாணமா, ஞானஸ்நானமா, சாவா, எதுவானாலும் ஊர் அவள் அடுப்புக்குத்தான் வரவேண்டும்.

அவள் கணவன் உஷாங்கி பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில், கடலோரச் சுகுமி நகரில் நடந்த போருக்குப் போனான். போகும்போது, திராட்சை பறிக்கிறதுக்குள் வந்துவிடுவேன் என்றான். இலையுதிர்காலத்தில் சுகுமி எதிரிகள் கையில் விழுந்தது. லாரிகளில் ஆட்கள் வந்தார்கள். வேறு லாரிகளில் சவப்பெட்டிகள் வந்தன. உஷாங்கி இரண்டிலும் வரவில்லை. கூட இருந்தவர்களில் ஒருவன் அவனைப் பாலத்தருகே பார்த்ததாகச் சொன்னான். இன்னொருவன், பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தேன் என்றான். அவ்வளவுதான் செய்தி.

திராட்சை யாருக்காகவும் காத்திருக்காது. அந்த வருடம் லமாரா தனியாகப் பறித்தாள், தனியாக மிதித்தாள், தோலும் விதையுமாகத் தரையில் புதைத்த தாழியில் கொட்டி மூடினாள். வசந்தத்தில் திறந்தபோது அசல் காடி. "ஊறுகாய் போடலாம்" என்று சொல்லிவிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அடுத்த வருடம் அவள் கணவனின் அண்ணன் கயோஸ் வந்து, தாழியைக் கழுவுவது எப்படி, பொங்கும்போது கிளறுவது எப்படி என்று கூடவே நின்று காட்டினார். அதற்கப்புறம் அவள் ஒயின் ஒருநாளும் கெடவில்லை. இருந்தாலும் ஊரில் அதற்கு 'உஷாங்கி ஒயின்' என்றுதான் பெயர். ஒயின் வீட்டு ஆம்பளை பேரில்தான் வழங்கும். அவன் கைபடாத ஒயின் எத்தனையோ தாழி அவன் பேரில் குடிக்கப்பட்டுவிட்டது.

கயோஸ் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. அடைப்பு என்று இருதயத்தில் கம்பிச்சுருள் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டால், "நல்லா வேலை செய்யுது, டாக்டருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்பார். அவர்தான் எங்கள் தெருவின் தமாதா. விருந்து மேசைக்கு ஒருவர் தலைமை வேண்டும். அவர் எழுந்து நின்று, இன்னாருக்காக என்று வாழ்த்துச் சொன்னபிறகுதான் மற்றவர்கள் கிண்ணத்தைத் தொடலாம். அவர் சொல்லாமல் குடிப்பவன் குடிகாரன்.

வாழ்த்துக்கு வரிசை உண்டு. கடவுளுக்கு, அமைதிக்கு, பிறகு செத்தவர்களுக்கு, குழந்தைகளுக்கு. பிறகு வழியில் இருக்கிறவர்களுக்கு. வெளியூர் போனவர்கள், இன்னும் வீடு வந்து சேராதவர்கள் எல்லாரும் அதில் அடங்குவார்கள். செத்தவர்களுக்குக் குடிக்கும்போது கிண்ணத்தோடு கிண்ணம் மோதக்கூடாது. ரொட்டித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, பெயரைச் சொல்லிக் குடிக்க வேண்டும். அந்தச் சொட்டு செத்தவனின் பங்கு. விடாவிட்டால் அவன் அங்கே தாகத்தோடு கிடப்பான்.

உஷாங்கியின் பெயரைக் கயோஸ் ஒருதடவைகூடச் செத்தவர்கள் வரிசையில் சொன்னதில்லை. வழியில் இருக்கிறவர்களுக்கு என்று எழுந்தாரென்றால் முதல் பெயர் தம்பியின் பெயர். ஒரு வருடம் பக்கத்து வீட்டு அன்சோர், வாய் தவறி அல்ல, மனதறிந்தே, "உஷாங்கிக்கு" என்று ரொட்டியில் ஒரு சொட்டு விட்டான். கயோஸ் அந்த ரொட்டியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். அன்சோரின் சட்டையைப் பிடித்தார். இரண்டு பேரும் வெகுகாலம் பேசிக்கொள்ளவில்லை. ஊரில் யாரும் அதற்குப் பிறகு அந்தத் தப்பைச் செய்யவில்லை.

ஊரே தன் செத்தவர்களுக்குச் சொட்டு விடுவது லமாரா சுட்ட ரொட்டியில்தான். அவள் வீட்டு மேசையில் மட்டும் அது அவள் புருஷனுக்கு விலக்காக இருந்தது.

ஈஸ்டர் கழிந்து தாழிகளைத் திறக்கிற நாட்களில் எங்கள் தெருவில் ஒரு பழக்கம். நாலு வீட்டுக்காரர்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு ஜாடி தங்கள் புது ஒயின். ஜாடிகளுக்குத் துணி சுற்றிவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. குடித்துப் பார்த்து, பழுது சொல்லி, யார் வீட்டு ஒயின் என்று ஊகிக்க வேண்டும். பரிசும் கிடையாது ஒன்றும் கிடையாது. கேலிதான் பரிசு. இந்த வருடம் முறை லமாரா வீட்டுக்கு.

அதற்கு முந்தின வாரம், மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது அவளுக்கு போன் வந்தது. தலைநகரிலிருந்து ஒரு பெண். காணாமல் போனவர்களைத் தேடுகிற அலுவலகம். கூட யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேட்டாள். "மாவு இருக்கு" என்றாள் லமாரா. அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். சுகுமிக்கு வெளியே ஒரு குழியில் எடுத்த எலும்புகள். அண்ணன் கொடுத்திருந்த ரத்தத்தோடு பொருந்திவிட்டது. சந்தேகமில்லை. நேரில் வந்து எல்லாம் சொல்வோம், உங்கள் வீட்டில் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள் என்றாள்.

"அவரோட அண்ணனுக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றாள் லமாரா. அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, "சரிம்மா" என்றாள்.

லமாரா அன்றைக்கு வழக்கம்போல எல்லா ரொட்டியும் சுட்டாள். ஒன்றுகூடக் கருகவில்லை. அதை நினைத்து அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

அழுகை வரவில்லை, வேறொன்று வந்தது. இத்தனை வருடமும் அவன் செத்துக் கிடந்திருக்கிறான். இவர்கள் அவன் ஆயுசுக்கு வாழ்த்துச் சொல்லி, கிண்ணத்தை மோதி, சிரித்துக் குடித்திருக்கிறார்கள். அவன் பங்கு ஒரு சொட்டுகூட அவனுக்குப் போகவில்லை. இத்தாலியில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிற மகளிடம்கூட அவளால் சொல்ல முடியவில்லை. முதலில் கயோஸிடம் சொல்ல வேண்டும். விருந்தன்று அவர் எழுந்து, செத்த தம்பியை ஊர் முன்னால் உயிரோடு இருக்கிறவனாகச் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அந்தக் கம்பிச்சுருள் தாங்குமா என்பதுதான் அவள் பயம். அவனுக்கு இருந்த ஒரே அண்ணனையும் தன் வாயாலேயே கொன்றுவிட்டால்?

விருந்தன்று காலையில் கயோஸ் தாழி திறக்க வந்தார். மண்டிபோட்டு, மூடியைச் சுற்றிப் பூசியிருந்த களிமண்ணைச் சுரண்டினார். லமாரா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தான், ஒரு விஷயம் சொல்லணும்."

"மூடியைப் பிடிம்மா முதல்ல. மண்ணு உள்ள விழுந்தா நம்ம தெரு சியூரி வந்து, ஒயின்ல கல்லு இருக்கு பல்லு போச்சும்பா."

மூடி திறந்தது. வால்நட் வாசனையும் காய்ந்த ஆப்ரிகாட் பழ வாசனையும் எழுந்தன. கயோஸ் நீளக் காம்பு வைத்த சுரைக்குடுக்கையை விட்டு முதல் மடக்கை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேன் நிறம்.

"அத்தான்..."

"நல்லா வந்திருக்கு. ரொம்ப நல்லா வந்திருக்கு. ஜாடி எங்க?" என்று எழுந்து போய்விட்டார்.

மேசையை மரத்தடிக்குத் தூக்கிப்போகும்போது இன்னொரு தரம் வாயெடுத்தாள். மேசைக் கால் ஆடுகிறது என்று அவர் குனிந்துவிட்டார். ஆட்டுக்கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது மறுபடி கிட்டே போனாள். அதற்குள் வாசலில் சியூரியின் குரல்.

"ஏண்டி லமாரா, உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்த நாய் என்னைப் பார்த்து மட்டும் ஏன் குரைக்குது?"

"அதுக்கு ஆள் தெரியும்" என்றாள் லமாரா, வழக்கமான வாயால்.

சியூரியும் அவள் புருஷன் பத்ரியும் ஒரு ஜாடி, அன்சோர் ஒரு ஜாடி, கயோஸ் ஒன்று, லமாரா ஒன்று. மேசையில் புளிப்புப் பிளம் குழம்பு, அரைத்த வால்நட்டில் பிசைந்த கீரை, சிவப்பு மொச்சை, பாலாடைக்கட்டி. நடுவில் சுடச்சுட ரொட்டி. பத்ரி எல்லா ஜாடிக்கும் துணி சுற்றி இடம் மாற்றி வைத்தான்.

முதல் ஜாடியில் கடவுளுக்கும் அமைதிக்கும் குடித்தார்கள். இது அன்சோருடையது என்று எல்லாருக்கும் உடனே தெரிந்துவிட்டது. அவசரக்காரன், தோலைச் சீக்கிரம் எடுத்துவிடுவான். "தண்ணிக்கு மஞ்சள் தடவின மாதிரி" என்றாள் சியூரி. அன்சோர் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வருடா வருடம் கேட்டுப் பழகிவிட்டது.

இரண்டாவது ஜாடி. கயோஸ் எழுந்தார். ஆண்கள் எல்லாரும் எழுந்தார்கள். "நம்மளை விட்டுப் போனவங்களுக்கு" என்றார். தன் அப்பா, அம்மா, மனைவி என்று வரிசையாகப் பெயர் சொல்லி ரொட்டியில் சொட்டு விட்டார். லமாராவும் ஒரு துண்டு எடுத்தாள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. மூன்றாவது சொட்டுக்குக் கிண்ணம் சாய்ந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கயோஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை நிமிர்த்தி, மிச்சத்தை வாயில் ஊற்றிக்கொண்டாள். துரோகம் செய்கிறேன், உஷாங்கிக்கு மறுபடியும் துரோகம் செய்கிறேன் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது ஜாடி குழந்தைகளுக்கு. சியூரி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது எந்தக் கழுதை போட்டது? தாழியைக் கழுவினானா இல்லையா? எலி வாடை அடிக்குது. கயோஸ் அண்ணே, உங்களோடதா? வயசாகிப்போச்சு, விட்டுருங்க."

பத்ரி தலையைச் சொறிந்தான். "சியூரி," என்றான். "அது நம்மளோடது."

மேசையே குலுங்கியது. அன்சோர் இருமி இருமிச் சிரித்தான். சியூரி கொஞ்சமும் அசரவில்லை. "அதான் சொன்னேன், எந்தக் கழுதைன்னு. கழுதை பக்கத்துலயே உட்கார்ந்திருக்கு பாரு" என்று புருஷனின் முதுகில் ஒரு அடி வைத்தாள். லமாராவும் சிரித்தாள். சிரிப்பு முடியும்போதுதான் அடுத்தது என்ன என்று அவளுக்கு நினைவு வந்தது. இனி சொல்ல நேரமில்லை.

கடைசி ஜாடி அவளுடையது. பத்ரி ஊற்றினான். கயோஸ் மெதுவாக எழுந்தார். அவர் முகம் சலவைத்துணி மாதிரி வெளுத்திருந்தது. லமாரா மேசைத்துணியின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"வழியில இருக்கிறவங்களுக்கு" என்று ஆரம்பித்தார். "வெளியூர்ல, வெளிநாட்டுல, ரோட்டுல, ரயில்ல எங்க இருந்தாலும் சரி. அவங்களுக்கு வழியில நல்ல மனுஷங்க கிடைக்கட்டும். தூங்க ஒரு இடம் கிடைக்கட்டும். முதல்ல என் தம்பிக்கு. உஷாங்கிக்கு. அவன் எங்க இருந்தாலும் திரும்பி வர்ற வழியில..."

குரல் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் சொல்கிற அதே சொற்கள். ஆனால் இடது கை ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்திருந்தது. வலது கையில் இருந்த கிண்ணம் அதன்மேல் சாய்ந்தது. ஒரு சொட்டு விழுந்தது.

முதலில் பார்த்தது அன்சோர்தான். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். பத்ரியின் கிண்ணம் அன்சோரின் கிண்ணத்தை நோக்கிப் பாதி வழி போய் நின்றுவிட்டது. கயோஸ் எல்லாரும் ஏன் அமைதியாகிவிட்டார்கள் என்று புரியாமல் பார்த்தார். பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

லமாரா எழுந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

கயோஸ் ரொட்டித் துண்டை மேசையில் வைத்தார். பிறகு, "உனக்கு?" என்றார்.

"போன வாரம் போன் பண்ணாங்க."

"நான் சொல்லிக்கிறேன்னு சொல்லியிருந்தேனே. அவங்களுக்கு என்ன அவசரம்?"

"உங்களுக்கு எப்போ சொன்னாங்க?"

"பனி விழுந்துட்டிருந்துச்சு."

"பனியா?" அவள் குரல் உயர்ந்தது. "பனி விழுந்தப்பவே தெரியுமா? அவனுக்கு ஒரு சொட்டு விடாம, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துட்டு இருந்தீங்களா?"

"நோன்பு முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் ஈஸ்டர் கழியட்டும்னு இருந்தேன்." அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் தாழி திறக்கட்டும்னு. இன்னும் ஒரே ஒருதடவை அவனை உயிரோட சொல்லிட்டு, நாளைக்குக் காலையில உன்கிட்ட வந்து சொல்லணும்னு இருந்தேன். சத்தியமா நாளைக்குக் காலையில. உன்னால தாங்க முடியாதுன்னு நினைச்சேன்."

"என்னாலயா? நான் உங்களால முடியாதுன்னுல்ல வாயை மூடிட்டு இருந்தேன்!"

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்போலவும் இருந்தது. காலையில் அவள் வாயெடுத்தபோதெல்லாம் அவர் ஏன் நழுவினார் என்று இப்போது புரிந்தது. சியூரி தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

அன்சோர் எழுந்து, கயோஸின் தோளைத் தொட்டான். "அண்ணே, சொல்லுங்க. முறைப்படி சொல்லுங்க. நாங்க எல்லாரும் நிக்கிறோம்."

கயோஸ் நிமிர்ந்தார். உதடு அசைந்தது. "நம்மளை விட்டுப்..." என்றார். அதற்குமேல் வரவில்லை. எங்கள் தெருவில் எத்தனையோ சாவுக்குப் பேசிய வாய் அது. மறுபடி முயன்றார். பிறகு கிண்ணத்தை லமாரா பக்கம் நீட்டினார்.

"அலாவெர்தி" என்றார். "உனக்கு."

நான் தொடங்கியதை நீ முடி என்று தமாதா இன்னொருவருக்குக் கொடுப்பதுதான் அலாவெர்தி. பெண்களுக்கு அதைக் கொடுப்பது எங்கள் பக்கம் அபூர்வம். லமாரா அந்தக் கிண்ணத்தை வாங்கினாள். அவளுக்கு வாழ்த்துப் பேசத் தெரியாது. திட்டத்தான் தெரியும்.

"உஷாங்கி," என்றாள். "உனக்கு முப்பத்திநாலு வயசு. எனக்கு இப்போ உன் அம்மா வயசு ஆகுது. நீ வந்தா என்னை அடையாளம் தெரியாதேன்னு கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் பயந்துட்டிருந்தேன். இனிமே அந்தப் பயம் இல்ல."

நிறுத்தினாள். பிறகு சியூரியைப் பார்த்தாள்.

"சியூரி, நீ ஒருநாள் அடுப்புக்கு வந்து சொன்னே. ரஷ்யாவுல என் புருஷனை யாரோ பார்த்தாங்களாம், ஒரு பொண்ணோட இருக்கானாம், ரெண்டு பிள்ளை இருக்காம்னு. நான் மாவுக்கையால உன்னை அடிச்சுத் துரத்தினேன்."

"அடியே, அதெல்லாம் இப்போ எதுக்குடி" என்று சியூரி அழுதாள்.

"சொல்றேன் கேளு. நீ போனதும் கதவைச் சாத்திட்டு மண்டிபோட்டேன். இது நெசமா இருக்கட்டும்னு கும்பிட்டேன். அன்னிக்கு மட்டும் இல்ல. தினமும். அந்தப் பொண்ணு நல்லவளா இருக்கட்டும்னு கும்பிட்டேன். அவனுக்குக் காரம் ஆகாது, அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு கும்பிட்டேன். பிள்ளைங்க அவன் ஜாடையில இருக்கட்டும்னு கும்பிட்டேன். இவ்வளவு வருஷமா நான் இந்த மேசையில வழியில இருக்கிறவனுக்குக் குடிக்கல. அவளுக்குத்தான் குடிச்சேன். அந்தப் பொண்ணுக்கு." அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "அவ இல்லவே இல்லையாம். யாருமே இல்லையாம். உஷாங்கி, நீ தனியாத்தான் கிடந்தியாம்."

லமாரா ஒரு முழு ரொட்டியை எடுத்துத் தன் முன்னால் வைத்தாள்.

"குடிடா" என்றாள். "எங்களை மன்னிச்சுட்டுக் குடி."

ஒரு சொட்டு போதும் என்பது வழக்கம். அவள் கிண்ணத்தை அப்படியே கவிழ்த்தாள். பிறகு ஜாடியை எடுத்தாள். ரொட்டி ஊறி, மேசைத்துணி ஊறி, ஒயின் பலகை இடுக்கு வழியாக ஓடி, கயோஸின் செருப்பில் வழிந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. ஜாடி தீரும்வரை எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.